இளம் வயதில் டிஸ்க் பிதுக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இடுப்பு டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) பிதுங்கி, வலி கால் வரை இழுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் 26 வயதில் எல்5–எஸ்1 என்கிற, இடுப்பின் கடைசி டிஸ்க் பிதுங்கி, இடது கால் மாதக்கணக்கில் பாடாய்ப் படுத்தியது. நான் மருத்துவர் இல்லை. அந்த நாட்களில் தேடிப் படித்ததும், மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் கேட்டுத் தெளிந்ததும், பிறகு இதே வலியோடு என்னிடம் வந்தவர்களுக்குச் சொன்னதும்தான் இங்கே இருக்கின்றன. உங்கள் காலைத் தொட்டுச் சோதித்த மருத்துவர் இதற்கு மாறாகச் சொன்னால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

எந்த அறிகுறி வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது?

இதை முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. கீழே வரும் பல பதில்களில் பொறுத்திருங்கள் என்றுதான் சொல்லப் போகிறேன். இங்கே மட்டும் பொறுமை ஆபத்து.

தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகிற நரம்புகள் ஒரு கற்றையாக இறங்குகின்றன. பெரிய பிதுக்கம் ஒன்று அந்தக் கற்றையை மொத்தமாக நெரித்தால் சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்ளும், அல்லது கழிவதே தெரியாமல் போகும். மலத்தை அடக்க முடியாது. பிறப்புறுப்பு, ஆசனவாய், உள்தொடை என்று சைக்கிள் சீட்டில் படுகிற இடமெல்லாம் மரத்துப்போகும். கழுவும்போதோ துடைக்கும்போதோ உணர்வு வழக்கத்தை விடக் குறைவாக இருந்தால் அதுவும் இதில் சேரும். இரண்டு கால்களிலும் சேர்ந்தாற்போல் வலியோ பலவீனமோ வருவதும் அப்படியே.

இது அரிது. ஆனால் வந்துவிட்டால் அந்த நிமிடமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், நள்ளிரவாக இருந்தாலும் சரி. நெரிசலை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறார்களோ அந்த அளவுக்கு நரம்பு மீள வாய்ப்பு உண்டு. 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் பலன் நன்றாக இருக்கிறது என்பது மருத்துவர்களின் அனுபவம். அதைவிடச் சீக்கிரம் நடந்தால் இன்னும் நல்லது. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். சொல்லிவிடுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.

பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியாமல் நடக்கும்போது தரையில் உரசுகிறது என்றாலோ, காலின் பலம் நாளுக்கு நாள் குறைகிறது என்றாலோ, அதையும் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது: இப்படி ஏதாவது இருந்தால் டிஸ்க் என்று நாமாகவே முடிவு கட்டக் கூடாது.

இது வயதானவர்களுக்கு வருவதுதானே? எனக்கு ஏன் இந்த வயதில்?

டிஸ்க் பிதுக்கம் அதிகம் வருவதே சுமார் 30 முதல் 50 வயதுக்குள்தான். இருபதுகளில் வருவதும் அதிசயம் இல்லை. டிஸ்க்கின் நடுவில் நீர் நிறைந்த கூழ் இருக்கிறது. இளம் வயதில் அந்தக் கூழில் நீரும் அதிகம், அழுத்தமும் அதிகம். சுற்றியிருக்கும் நார் வளையத்தில் கீறல் விழுந்தால் வெளியே தள்ளிக்கொண்டு வர அங்கே சரக்கு இருக்கிறது. முதுமையில் கூழ் காய்ந்து சுருங்கிவிடுவதால் பிதுங்குவது குறைகிறது. அப்போது வருகிற தொல்லைகள் வேறு மாதிரியானவை.

அன்றைக்கு அந்தப் பெட்டியைத் தூக்காமல் இருந்திருந்தால் என்று நிறையப் பேர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். ஃபின்லாந்தில் இரட்டையர்களை வைத்து 1990களில் நடந்த ஆய்வுகளில், டிஸ்க் தேய்வதில் வேலைப் பளுவை விடப் பரம்பரைக்கே பெரிய பங்கு என்று தெரியவந்தது. புகைபிடிப்பதும் உடல் எடையும் தங்கள் பங்குக்குச் சேரும். நார் வளையம் பல காலமாக மெல்ல மெல்லக் கீறிக்கொண்டு வந்திருக்கும். குனிந்து செருப்பை எடுத்த கணத்தில் அது தெரியவந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு காரணமும் புலப்படாமல் தூங்கி எழும்போதே வலியோடு எழுந்தவர்களும் உண்டு. உங்கள் மீது பழி போட்டுக்கொள்ளாதீர்கள்.

உள்ளே என்னதான் நடந்திருக்கிறது?

இடுப்பில் ஐந்து முள்ளெலும்புகள், எல்1 முதல் எல்5 வரை. அதற்குக் கீழே திருவெலும்பு, அதன் முதல் பகுதி எஸ்1. ஒவ்வோர் எலும்புக்கும் நடுவில் ஒரு டிஸ்க். மேலும் கீழும் இருக்கிற எலும்போடு அது இறுக ஒட்டியே இருக்கிறது; முழுசாக நழுவி எங்கேயும் போய்விடாது. நார் வளையத்தின் பின்பக்கம் பலவீனமான இடத்தில் உள்ளே இருக்கும் கூழ் பிதுங்குகிறது அல்லது கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட பிதுக்கங்கள் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான்: எல்4–எல்5, எல்5–எஸ்1. உடம்பின் பாரமும் குனியும் அசைவும் அங்கேதான் அதிகம் விழுகின்றன.

டிஸ்க்தான் காலை இழுக்கும் வலிக்குக் காரணம் என்பதை அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் இருவரும் 1934-இல் கட்டுரையாக வெளியிட்டு நிறுவினார்கள். வெகுநாள் வரை நரம்பு நசுங்குவதுதான் வலி என்று மட்டும் நினைத்தார்கள். அதோடு இன்னொன்றும் நடக்கிறது: வெளியே வந்த கூழில் இருக்கும் வேதிப்பொருட்கள் நரம்பு வேரை (நரம்பு கிளம்பும் இடத்தை) கொதிக்க வைத்து அழற்சியை உண்டாக்குகின்றன. ஸ்கேனில் சின்னதாகத் தெரியும் பிதுக்கம் ஒருவரைத் துடிக்கவைப்பதும், பெரிய பிதுக்கம் இருக்கிற இன்னொருவர் சாதாரணமாக நடமாடுவதும் இதனால்தான். அழற்சி அடங்கினால், பிதுக்கம் அப்படியே இருந்தாலும் வலி நன்றாகவே குறையலாம்.

முதுகை விடக் கால் ஏன் இப்படி வலிக்கிறது?

வலிப்பது கால், பிரச்சினை அந்தக் காலுக்குப் போகும் நரம்பின் வேரில். எல்5 வேர் பாதிக்கப்பட்டால் தொடையின் வெளிப்பக்கம், முன்னங்காலின் பக்கவாட்டு, புறங்கால் வழியாகப் பெருவிரல் வரை வலியோ மரப்போ ஓடும். பெருவிரலையும் பாதத்தையும் மேலே தூக்குவது சிரமமாகும். எஸ்1 என்றால் பின்தொடை, கெண்டைக்கால், பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல். நுனிக்காலில் எழும்ப முடியாது. இருமினால், தும்மினால், மலம் கழிக்க முக்கினால் மின்சாரம் அடித்தாற்போல் பாய்வதும் இதன் அடையாளம்.

வீட்டிலேயே ஒன்று செய்யுங்கள். சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலால் நாலு அடி நடந்து பாருங்கள். அப்புறம் ஒற்றைக் காலில் நின்று நுனிக்காலில் பத்து முறை எழும்பிப் பாருங்கள். அடுத்த காலிலும் செய்து ஒப்பிடுங்கள். சில நாளுக்கொரு முறை இதைச் சோதித்துக் குறித்து வையுங்கள். வலி ஏறும், இறங்கும், நம்மை அலைக்கழிக்கும். பலம்தான் நரம்பின் நிலையை உண்மையாகச் சொல்கிறது. வலி குறைந்துவிட்டது, ஆனால் நுனிக்காலில் எழும்ப முடியவில்லை என்றால் அது நல்ல செய்தி இல்லை. வலி அப்படியே இருந்தாலும் பலம் குறையவில்லை என்றால் பெரும்பாலும் காத்திருக்கலாம்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் படித்துப் பயந்துபோனேன். என் முதுகு அவ்வளவு மோசமா?

ரிப்போர்ட்டில் வரும் சொற்கள் யாரையும் கலங்கடிக்கும். 2015-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்தது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானமும், 30 சதவீதத்தினருக்கு டிஸ்க் உப்பலும், 29 சதவீதத்தினருக்குப் பிதுக்கமும் இருந்தன. அத்தனை பேரும் எந்த வலியும் இல்லாமல் ஓடியாடிக்கொண்டிருந்தவர்கள். ஆகவே படத்தில் ஒன்று தெரிகிறது என்பதாலேயே அதுதான் உங்கள் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது. வலி ஓடும் பாதை, பலம், அனிச்சைத் துடிப்பு (தட்டினால் கால் தானாகத் துள்ளுவது), காலை நீட்டித் தூக்கும் சோதனை இவையெல்லாம் படத்தோடு பொருந்த வேண்டும்.

அதனால்தான் ஆபத்தான அறிகுறி இல்லாதபோது முதல் ஆறு வாரத்துக்குள் ஸ்கேன் தேவையில்லை என்று பல மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மருத்துவர் உடனே எழுதித் தரவில்லையே என்று குறைபட வேண்டாம்.

தானாகவே சரியாகுமா?

பெரும்பாலோருக்கு ஆகிறது. கால் வலி முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் நன்றாகவே இறங்கத் தொடங்கும். பிதுங்கிய பகுதியும் காலப்போக்கில் சுருங்குகிறது. டிஸ்க்குக்கு உள்ளே ரத்த ஓட்டம் கிடையாது. கூழ் வெளியே வந்ததும் உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. வெள்ளணுக்கள் வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று அகற்றுகின்றன. வேடிக்கை என்னவென்றால், படத்தில் பார்க்கப் பயங்கரமாக இருக்கிற, கிழித்துக்கொண்டு முழுசாக வெளியே வந்த துண்டுதான் வேகமாகக் கரைகிறது. லேசான உப்பல் அப்படியே கிடக்கும். பெரிசு என்று எழுதியிருந்தால் மனம் உடைந்துவிடாதீர்கள்.

பொதுவாக வலி முதலில் போகும், பலம் அதன் பின் வரும், மரப்பு கடைசியில் போகும். எனக்குச் சுண்டுவிரல் ஓரத்து மரப்பு வலி போய் வெகுகாலம் கழித்தும் இருந்தது. சிலருக்குச் சிறு இடம் நிரந்தரமாகவே மரத்திருக்கும். அன்றாட வாழ்க்கையை அது தடுப்பதில்லை.

எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்?

தாங்க முடியாத வலி என்றால் ஓரிரு நாள். அதற்கு மேல் படுக்கை உதவுவதில்லை. தசை பலம் குறைகிறது, பயம் கூடுகிறது. படுத்தே கிடப்பதற்குப் பதிலாக நாள் முழுக்கப் பல தடவை கொஞ்ச நேரம் படுங்கள்: மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் தலையணை, அல்லது கெண்டைக்காலை நாற்காலி மேல் வைத்துக்கொள்வது. நடுநடுவே எழுந்து வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

வலிக்கும்போது அசைந்தால் டிஸ்க் இன்னும் கிழிந்துவிடாதா?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். இந்தப் பயம்தான் இளம் வயதினரை வருடக்கணக்கில் முடக்கிப் போடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கொதித்துப்போன நரம்பு சின்ன அசைவுக்கே அலறும். அந்த அலறல் எல்லாம் புதிய சேதம் இல்லை. எல்லா வலிக்கும் பயந்து அசைவை நிறுத்தினால் உடம்பு விறைத்துப்போகும், குனிவதே ஆபத்து என்று மூளை கற்றுக்கொள்ளும், டிஸ்க் ஆறின பிறகும் வலி மட்டும் தங்கிவிடும். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்யவும் கூடாது. நடுவில் ஒரு வழி இருக்கிறது.

வலி எவ்வளவு என்பதை விட வலி எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு அசைவைச் செய்யும்போது பாதத்தில் இருந்த வலி முழங்காலுக்கு, அங்கிருந்து புட்டத்துக்கு, அங்கிருந்து இடுப்புக்கு என்று மேலே ஏறினால், இடுப்பில் சற்றுக் கூடினாலும் அது நல்ல திசை. நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சி 1950களிலேயே கவனித்துத் தன் சிகிச்சை முறைக்கு அடிப்படையாக்கிய விஷயம் இது. வலி கீழே இறங்கினால், மரப்பு பரவினால், அந்த அசைவை நிறுத்துங்கள். அன்றைக்குச் செய்த வேலையால் கூடிய வலி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு உங்களுக்குச் சரி. வரவில்லை என்றால் அடுத்த முறை அளவைக் குறையுங்கள். அசைவையே விட்டுவிட வேண்டாம்.

காலையில் எழும்போதுதான் ரொம்ப மோசமாக இருக்கிறது. ஏன்?

இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கிறது. காலையில் நம் உயரம் மாலையை விட ஒரு சென்டிமீட்டருக்கும் கூடுதலாக இருப்பது அதனால்தான். உப்பிய டிஸ்க்கை வைத்துக்கொண்டு குனிந்தால் நார் வளையத்தின் பின்பக்கத்தில் இழுவிசை மிக அதிகம். எழுந்த முதல் ஓரிரு மணி நேரம் குனிவதைத் தவிர்த்தாலே வலி கணிசமாகக் குறைந்ததை 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மருந்தில்லை, செலவில்லை, நான் எல்லோருக்கும் முதலில் சொல்கிற யோசனை இதுதான். எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழுங்கள். முகம் கழுவும்போது ஒரு கையைத் தொட்டி ஓரத்தில் ஊன்றி, முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் மடங்குங்கள். காலுறையும் ஷூவும் போடுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். குனிந்து செய்கிற ஆசனங்கள், வயிற்றுத் தசைக்கான பயிற்சிகள் எதையும் எழுந்தவுடன் செய்ய வேண்டாம்.

என் வேலையே நாற்காலியில்தான். என்ன செய்வது?

சுவீடன் மருத்துவர் நாக்கெம்சன் 1960களில் டிஸ்க்குக்குள் ஊசி வைத்து அழுத்தத்தை அளந்தார். படுத்திருக்கும்போது குறைவு, நிற்கும்போது அதைவிட அதிகம், சாயாமல் உட்காரும்போதும் முன்னால் வளைந்து உட்காரும்போதும் இன்னும் அதிகம். சாய்வு நாற்காலியில் பின்னால் சாய்ந்தால் அழுத்தம் இறங்குகிறது என்று பிந்தைய அளவீடுகள் காட்டின. ஆக, விறைப்பாக நிமிர்ந்தே உட்கார வேண்டும் என்கிற அறிவுரையை நீங்கள் மறந்துவிடலாம். கொஞ்சம் பின்னால் சாய்ந்து, இடுப்பின் குழிவில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, முழங்கால் இடுப்பை விடச் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி உட்காருங்கள். திரை கண் மட்டத்துக்கு வரட்டும். மடிக்கணினியோடு படுக்கையில் வளைந்து உட்கார்வதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் நேரம்தான் எதிரி. இருபது, முப்பது நிமிடத்துக்கொரு முறை எழுந்து ஒரு நிமிடம் நடங்கள். தொலைபேசி அழைப்புகளை நின்றோ நடந்தோ பேசுங்கள். அலுவலகத்தில் எழுந்து எழுந்து போவது சங்கடமாக இருந்தால் மேலதிகாரியிடம் மருத்துவரின் கடிதத்தோடு ஒரு தடவை பேசிவிடுங்கள். ஒளித்து ஒளித்துச் சமாளிப்பது வலியை விடக் களைப்பு. நீண்ட பயணத்தில் ஒரு மணி நேரத்துக்கொரு முறை இறங்குங்கள். ஓட்டுநர் இருக்கையின் முதுகைச் சற்றுச் சாய்த்து, கால் எட்டும் அளவுக்கு முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.

கட்டாந்தரையில் படுத்தால் நல்லதா?

எல்லோரும் சொல்வார்கள். நாள்பட்ட முதுகுவலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் செய்து 2003-இல் வெளியான ஆய்வில், மிகக் கடினமான மெத்தையை விட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையே வலியைக் குறைத்தது. ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள். அதற்கு மேல் உங்களுக்கு எது தூக்கம் தருகிறதோ அதுவே சரியான படுக்கை. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுவது நிச்சயம்.

எந்தப் பயிற்சி செய்யலாம்?

முதலில் நடை. நடக்க முடிகிற தூரத்தில், வலி காலில் கீழ்நோக்கிப் பரவத் தொடங்கும் முன்பே நிறுத்தி, அதைப் பல தடவை செய்யுங்கள். ஐந்து நிமிடம் நாலு வேளை என்பது இருபது நிமிடம் ஒரே மூச்சில் நடப்பதை விட நல்லது.

குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மார்பைத் தூக்குவது பலருக்குக் கால் வலியை மேலே ஏற்றும். சிலருக்குக் கெடுக்கும். மேலே சொன்ன திசைச் சோதனை இங்கே கை கொடுக்கும். கடுமை தணிந்த பிறகு, முதுகெலும்பை வளைக்காமல் நடுவுடலைப் பலப்படுத்தும் பயிற்சிகளுக்குப் போகலாம்: நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது, பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிப்பது. நீண்ட நேரம் பிடிக்க வேண்டாம். பத்து நொடி, இளைப்பாறல், மறுபடி பத்து நொடி. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லித் தந்தால் நல்லது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பின்தொடை இறுகிக் கிடப்பதுபோல் தோன்றும். குனிந்து பாதத்தைத் தொட்டு அதை நீட்டிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அங்கே இறுகியிருப்பது பெரும்பாலும் தசை இல்லை, இழுபடும் நரம்பு. அதை இழுக்க இழுக்க இன்னும் கொதிக்கும். நரம்பு அமைதியாகும் வரை இழுத்து நீட்டும் பயிற்சி வேண்டாம்.

இனி ஜிம்முக்குப் போகவே முடியாதா? ஓடலாமா?

முடியும். டெட்லிஃப்ட், ஸ்குவாட் என்ற பளுப் பயிற்சிகள் இரண்டுக்கும் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். கால் வலி போய், பலம் இரண்டு பக்கமும் சமமாகி, ஒரு மணி நேரம் உட்கார முடிந்த பிறகு, பழைய எடையில் கால் பங்கில்கூட இல்லாமல் வெறும் கம்பியோடு தொடங்குங்கள். இடுப்பு மூட்டில் மடங்கக் கற்பதுதான் முதல் பாடம். ஓட்டத்தைப் பொறுத்தவரை, தொடர்ந்து ஓடுகிறவர்களின் டிஸ்க்குகள் ஓடாதவர்களின் டிஸ்க்குகளை விட நீர்ப்பிடிப்போடு இருப்பதை 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. வேக நடை வலி தராதபோது நடை நடுவே கொஞ்சம் ஓட்டம் என்று சேர்க்கலாம்.

மாத்திரை, ஊசி?

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் அழற்சியைத் தணித்து நடமாட உதவும். நாள்கணக்கில் எடுத்தால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கடையில் வாங்கி நாமாகவே தொடரக் கூடாது. நரம்பு வலிக்கு என்று ப்ரீகாபலின் நிறையவே எழுதப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-இல் வெளியான சோதனையில், காலை இழுக்கும் வலிக்கு அது போலி மாத்திரையை விடப் பலன் தரவில்லை. தலைச்சுற்றல் மட்டும் அதிகமாக இருந்தது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டுக் குறையுங்கள். நரம்பு வேரைச் சுற்றிப் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரங்கள் நிம்மதி தரும். அந்த இடைவெளியில் நடக்கவும் தூங்கவும் முடிந்தால் அதுவே லாபம்.

மசாஜ் செய்யலாமா? தட்டிப் பொருத்திவிடுகிறேன் என்கிறார்களே?

இறுகிய தசைக்கு மென்மையான மசாஜ் இதம் தரும். பிதுங்கிய கூழைக் கையால் உள்ளே தள்ள யாராலும் முடியாது. காலில் பலவீனம் இருக்கும்போது முதுகில் ஏறி மிதிப்பதற்கும் வெடுக்கென்று திருப்புவதற்கும் உடன்படாதீர்கள். இடுப்பு பெல்ட்டைப் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அறுவை சிகிச்சை எப்போது?

முதல் பதிலில் சொன்ன அவசர நிலைக்கும் கூடிக்கொண்டே போகும் பலவீனத்துக்கும் தயக்கமே கூடாது. மற்றபடி ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஒழுங்காக முயன்றும் கால் வலி வாழவிடவில்லை என்றால் யோசிக்கலாம். நெதர்லாந்தில் 283 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. சீக்கிரமே அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழுவுக்கு, காத்திருந்து பார்த்த குழுவை விடக் கால் வலி வேகமாகக் குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்த குழுவிலும் 39 சதவீதம் பேர் இடையில் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எனவே பெரும்பாலும் இது வேகத்தைப் பற்றிய முடிவு. வேலையோ படிப்போ கைவிட்டுப் போகும் நிலையில் சீக்கிரம் மீள நினைப்பதில் தப்பே இல்லை. தாங்க முடிகிறவர் காத்திருப்பதும் சரியே. நுண்ணோக்கியின் உதவியோடு சிறு வெட்டில் பிதுங்கிய துண்டை மட்டும் எடுக்கிறார்கள். டிஸ்க்கை முழுசாக எடுப்பதில்லை. கால் வலிக்குத்தான் இது நன்றாக உதவுகிறது, முதுகுவலி மட்டும் உள்ளவர்களுக்கு இல்லை. ஒரு சிறு பங்கினருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்குவதும் உண்டு.

உடலுறவு?

வலி தணிந்த பிறகு தடை இல்லை. குனிந்தால் வலிக்கிறவர்கள் இடுப்பு வளையாத நிலைகளையும், பின்னால் வளைந்தால் வலிக்கிறவர்கள் அதற்கு எதிரானதையும் தேர்ந்தெடுக்கலாம். துணையிடம் வாய்விட்டுப் பேசுவதுதான் பாதி தீர்வு.

குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பெற்றுக்கொள்ளலாம். டிஸ்க் பிதுக்கம் என்பதாலேயே சிசேரியன்தான் என்று ஆகிவிடாது. கர்ப்பத்துக்கு முன்பே நடுவுடல் பலத்தைக் கூட்டி வையுங்கள். மகப்பேறு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், மாத்திரைகளைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய் என்கிறார்கள். யாருக்கும் புரியவில்லையே?

கட்டும் இல்லை, தழும்பும் இல்லை, வயதும் சின்னது. பேருந்தில் முதியவர் முன்னால் எழுந்து இடம் தராமல் உட்கார்ந்திருக்கும்போது விழுகிற பார்வையை நான் அறிவேன். நண்பர்கள் வெளியூர் கிளம்பும்போது வரவில்லை என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவர்கள் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவதும் நடக்கும். இந்தத் துயரம் கற்பனை இல்லை. நீண்ட வலியோடு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்; மனம் சோர்ந்தால் வலி தீர்வதும் தாமதமாகிறது. மனநல ஆலோசகரைப் பார்ப்பதும் முதுகுக்கான சிகிச்சையின் ஒரு பகுதி என்றே நினையுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள்.

வீட்டாரிடம் முதுகு வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் அவர்களுக்குத் தங்கள் முதுகுவலிதான் நினைவுக்கு வரும். "பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது, நான் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். எது முடியாது என்பதோடு எது முடியும் என்பதையும் சொல்லுங்கள். நண்பர்களிடம், திரைப்படம் வேண்டாம், ஒரு நடை போகலாம் என்று நீங்களே முதலில் கூப்பிடுங்கள்.

சரியாகிவிட்டது. மறுபடியும் வருமா?

சில நாள் பிடிப்பு, காலில் லேசான இழுப்பு என்று எப்போதாவது தலைதூக்குவது சகஜம். பெரும்பாலும் முதல் தடவை போல் மாதக்கணக்கில் நீளாது. அப்படி வருகிற நாளில் செய்ய வேண்டியதை இப்போதே எழுதி வையுங்கள், ஏனென்றால் அன்றைக்குப் பயத்தில் எதுவும் நினைவுக்கு வராது. முதலில் சிறுநீர், ஆசனவாய்ப் பகுதி உணர்வு இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து குதிகால் நடையும் நுனிக்கால் எழும்பலும். இவை எல்லாம் சரி என்றால் அன்றைய பளுவைப் பாதியாகக் குறைத்து, குனிவதையும் நெடுநேரம் உட்கார்வதையும் இரண்டு நாள் தள்ளிவைத்து, குறுநடைகளைத் தொடருங்கள். மூன்றாம் நாளிலிருந்து பயிற்சிகளில் மிக எளிதானதைச் சேர்க்கத் தொடங்கலாம். இரண்டு வாரத்தில் வலி குறையத் தொடங்கவில்லை என்றால், அல்லது எப்போது வேண்டுமானாலும் பலம் குறைந்தால், மருத்துவரிடம் போங்கள். தும்மல் வந்தால் எழுந்து நின்று, சுவரையோ மேசையையோ பிடித்துக்கொண்டு, மார்பை நிமிர்த்தித் தும்முங்கள்.